வீட்டுப் பட்டறையில் பிறந்த வேகம்

வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறோம். ஓடாவிட்டால் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இத்தகைய நமக்கு, மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே புதுத் தலை செய்து பொருத்திய ஒரு மனிதரின் கதை சிறிது வெட்கத்தையும், அதைவிட அதிகமாக உற்சாகத்தையும் அளிக்கக்கூடும்.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. நியூஸிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரில் 1899-ம் ஆண்டில் பிறந்தவர். 1920-ல் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கினார். பெயரைக் கண்டு நேயர்கள் பெருமிதம் கொள்ள வேண்டாம். வண்டி பிறந்த இடம் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு; பெயரிலுள்ள 'இந்தியன்' அந்நாட்டு ஆதிக்குடியினன். அதன் 600 ஸி.ஸி. எஞ்சின் மணிக்குச் சுமார் 55 மைல் வேகம் கொடுத்தது. மற்றவர்களுக்கு அது போதும். மன்ரோவுக்குப் போதவில்லை. 1926-ல் எஞ்சினைத் திருத்தி அமைக்கத் தொடங்கினார்.

ஸிலிண்டருக்கு மேல் மூடிபோல் அமைந்திருப்பதே எஞ்சினின் தலை. காற்றும் பெட்ரோல் ஆவியும் நெருக்குண்டு தீப்பற்றுவது அதன் அடியிலேதான். ஸ்கவுட் வண்டியில் வால்வுகள் ஸிலிண்டரின் பக்கத்தில் இருந்தன. ஆகவே, ஆவி வளைந்து திரும்பி உள்ளே போக வேண்டியிருந்தது. தீப்பற்றும் அறையும் பக்கவாட்டில் அகன்றிருந்ததால் அதிகமாக நெருக்க முடியவில்லை. வால்வுகளைத் தலைக்கே கொண்டுபோய்விட்டால் ஆவி நேரே இறங்கும், நெருக்கமும் கூடும். ஆனால், அதற்குத் தலை, வால்வுகளை இயக்கும் தண்டுகள் எல்லாமே புதிதாக வேண்டும். மன்ரோ அவ்வளவையும் செய்து முடித்தார்!

இத்தகைய தலையில் வால்வு தன் ஆசனத்தில் மயிரிழை பிசகினாலும் ஆவி கசிந்து பலம் வீணாகிவிடும். வீட்டில் பழுது பார்ப்பவர்கள் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கழற்றிய தலையில், வால்வுக்குப் பின்னுள்ள துவாரத்தில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். அது கசிந்தால், வால்வில் அரைப்புப் பசை தடவி, ஆசனத்தின்மேல் வைத்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் தேய்ப்பார்கள். பிறகு பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடியும் சோதிப்பார்கள். இவ்வேலைக்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகமாக வேண்டும்.

மன்ரோவிடம் இருந்ததும் அதுதான். பகலெல்லாம் பிழைப்புக்கான வேலை, இரவில் கொட்டகை. பழைய தகர டப்பாக்களில் உலோகத்தை உருக்கி வார்த்துப் பாகங்கள் செய்தார். டிராக்டர் அச்சைச் செதுக்கிப் பிஸ்டன் தண்டாக்கினார். பழைய சக்கரக் கம்பி ஒன்று அவருக்கு அளவுகோலாயிற்று. எத்தனையோ பாகங்கள் வெடித்தன, உருகின, உடைந்தன. அவற்றை அவர் குப்பையில் எறியவில்லை. 'வேக தேவனுக்குக் காணிக்கை' என்று எழுதி, அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். தோல்விக்கு இவ்வளவு மரியாதை செய்தவர்கள் உலகத்தில் மிகச் சிலரே.

1962-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 178 மைலுக்கு மேல் ஓட்டி, தம் வகுப்பில் சாதனை படைத்தார். 1967-ல், தமது 68-வது வயதில், 950 ஸி.ஸி.யாக வளர்ந்துவிட்ட அதே எஞ்சினைக் கொண்டு 183.58 மைல் வேகத்தை எட்டினார். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்ததாக 2014-ல் தெரியவந்து, அது 184.087 மைல் என்று திருத்தப்பட்டது. அதைக் கேட்டு மகிழ அவர் இல்லை, 1978-லேயே காலமாகிவிட்டார். 2005-ல் அவருடைய சரித்திரம் திரைப்படமாகவும் வந்தது.

நாற்பத்தேழு வயதான வண்டி. அறுபத்தெட்டு வயதான மனிதர். இருவரையும் 'இனி ஓய்வு கொள்ளலாம்' என்றுதான் உலகம் சொல்லியிருக்கும். கொட்டகையில் எரிந்த விளக்கு அதற்குச் சம்மதிக்கவில்லை. அடுத்த தடவை நம் வீட்டுக் கடிகாரம் நின்றால், கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு முறை திறந்துதான் பார்ப்போமே!