கரைக்கும் ஒரு பங்கு

மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்புக் கடலை நம்பி எவரும் விருந்தாளியை அழைப்பதில்லை. வாடைக்காற்று ஓயாமல் வீசும். வள்ளங்களைக் கரையில் உயர ஏற்றி வைத்துவிடுவார்கள். மழைவெள்ளம் வந்து சேர்ந்த வாவி கலங்கிக் கிடக்கும். மாசி நடுப்பகுதியில்தான் இந்த நிலை மாறத் தொடங்குகிறது. மழை ஓய்கிறது; காற்று தணிகிறது; நீர் மெல்லத் தெளிகிறது. பங்குனி மாதத்து விடியற்காலைகளில், தோணி போன தடம்கூட நெடுநேரம் நீரில் அழியாமல் தெரியும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றின் வெக்கை தொடங்கிவிடும். அதற்கு முந்திய இந்த இரண்டு மூன்று மாதங்களைத்தான் எங்கள் கரையோரத்தின் இளவேனில் என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பருவத்தில் எங்கள் கிராமங்கள் சிலவற்றில் ஒரு புதிய தொழில் தலையெடுத்து வருகிறது. வெளியூராரையும் வெளிநாட்டாரையும் வள்ளத்தில் ஏற்றி, கரையை அண்டிய நீரில் தூண்டில் போடவும் வீச்சுவலை வீசவும் சொல்லிக்கொடுத்து, வாவியையும் கண்டற் காடுகளையும் சுற்றிக் காட்டி, திரும்பி வந்ததும் பிடித்த மீனையே சமைத்துக் கொடுத்து அனுப்புகிற தொழில் அது. ஊரில் இதைச் 'சுத்திக்காட்டப் போறது' என்கிறார்கள்.

2009 இல் போர் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. அங்கு வருகிறவர்கள் கடலில் குளிப்பதோடு நிற்பதில்லை. மீனவரோடு ஒரு காலைப்பொழுதைக் கழிக்கவும் விரும்புகிறார்கள். மீனவருக்கும் இது தேவையாகிவிட்டது. சிறிய வள்ளங்களின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததை நாம் மறக்க முடியாது. எண்ணெய்க் காசுக்குக்கூட மீன் படாத நாட்களில், நான்கு பயணிகளை ஏற்றிச் சென்றால் அன்றைய அடுப்பு எரியும் என்ற நிலை பல குடும்பங்களுக்கு வந்தது.

சமூகப் பணியாளர் என்ற வகையில் இத்தொழிலை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வள்ளத்தில் ஏறியவர்களோடும் போயிருக்கிறேன். கரையில் சமைத்துக்கொண்டிருந்தவர்களோடும் இருந்திருக்கிறேன். இரண்டாவது பக்கத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாவியில் ஒரு காலை

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைக்கிறோம். படுவான்கரையில் விவசாயம் செய்யும் ஒரு கிராமத்திலிருந்து 11 பெண்களை ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை வாவிச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றோம். அவர்களில் பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். 'கருத்தரங்கு' என்றால் உடனே வருவார்கள். 'சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்' என்றபோதுதான் தயங்கினார்கள். பெண் ஒருத்தி வேலையில்லாமல், நேர்த்தியில்லாமல் வீட்டைவிட்டு வெளிக்கிடுவதை நமது சமூகம் இன்னும் ஒரு குறையாகவே பார்க்கிறது.

காலை 6 மணிக்கு இரண்டு வள்ளங்களில் புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயதை நெருங்கும் மீனவர். கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் ஒளித்து வளருகின்றன என்பதை நீரைக் கையால் விலக்கிக் காட்டினார். நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்வதையும், கொக்குகள் இரை தேடி நிற்பதையும் காட்டினார். ஆழமில்லாத ஓரிடத்தில் வள்ளத்தை நிறுத்தி வீச்சுவலையை எப்படித் தோளில் மடித்துப் போட்டு, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும் என்று பழக்கினார். முதலில் சிரித்து ஒதுங்கிய பெண்கள் பின்னர் முறை வைத்து வீசினார்கள். வலை விரியவில்லை, ஆனாலும் நாலைந்து சிறுமீன்கள் பட்டன. அவற்றை அவர் திரும்ப நீரில் விட்டுவிட்டார்.

இரவில் வந்தால் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கலாம் என்றும் சொன்னார். சித்திரை தொடக்கம் பூரணையை ஒட்டிய அமைதியான இரவுகளில், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பது இங்குள்ள வழக்கம். 'மீன் பாடும் தேன்நாடு' என்ற பெயர் அதனால் வந்தது.

என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"இந்த ஆத்தப் பாத்துக்கொண்டே அம்பது வருசம் இருந்திட்டன் மகள். இண்டைக்குத்தான் ஆத்துக்குள்ள இருந்து என்ட ஊரப் பாக்கிறன்."

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பலருக்கு நீர் என்றாலே அச்சம். அந்தக் காலையில் பெண்களும் குழந்தைகளுமே கூடுதலாக மடிந்தார்கள். நீந்தத் தெரியாததும், கையில் பிள்ளைகள் இருந்ததும், ஓடவிடாத உடுப்பும் அதற்குக் காரணங்கள். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, அறிந்த ஒருவரின் துணையோடு அமைதியான நீரில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவது அந்த அச்சத்தைச் சற்றேனும் இளக்குகிறது. இதை நான் கண்ணால் கண்டேன். எனவே சுற்றுலா பணக்காரருக்கே உரியது என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு

திரும்பி வந்தபோது வழிகாட்டியின் வீட்டு முற்றத்தில் சாப்பாடு ஆயத்தமாக இருந்தது. அவருடைய மனைவியும் மருமகளும் விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, தேங்காய் துருவி, முதல்நாளே வாங்கி வைத்த நண்டைத் துப்புரவாக்கிச் சமைத்திருந்தார்கள். நாங்கள் கைகழுவத் தண்ணீர் வார்த்ததும், மலசலகூடத்தைக் கழுவி வைத்ததும், எங்களில் ஒருவருக்குத் தலைசுற்றியபோது எலுமிச்சை கரைத்துக் கொடுத்ததும் அவர்களே. நாங்கள் போன பிறகு பாத்திரம் கழுவி, கிழிந்த வலையைப் பொத்துவதும் அவர்களே.

பணத்தை வழிகாட்டியிடம் கொடுத்தோம். அவர் அதை எண்ணிப் பங்கு பிரித்தார்.

மீன்பிடித் தொழிலில் பங்கு என்பது பழைய நியாயம். செலவைக் கழித்து மிஞ்சுவதில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் தொழிலுக்கு உதவிய எதுவும் பங்கில்லாமல் போகக் கூடாது என்பதே அதன் அடிப்படை. கண்ணாடிநார் வள்ளத்துக்கும் நைலோன் வலைக்கும் கூடப் பங்கு உண்டு. விடியப்புறம் எழும்பிய இரண்டு பெண்களுக்கு மட்டும் அன்றைக்குப் பங்கு இருக்கவில்லை.

இது அந்த ஒரு வீட்டின் குறையல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970 இல் வெளியிட்ட நூலில், விவசாயத்தில் பெண்கள் செய்யும் வேலை கணக்கெடுப்புகளில் விடுபட்டுப் போவதை எடுத்துக்காட்டினார். அதைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வயல்தான் நினைவுக்கு வந்தது. கரையிலும் அதே கதைதான் நடக்கிறது.

ஒரு மீனவரின் மனைவி என்னிடம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார்:

"மீன் வந்தா எங்கட கைக்கும் வரும் மிஸ். கறிக்கு எடுப்பம், மிச்சத்த வித்து அரிசி வாங்குவம், கருவாடு போடுவம். ஆக்கள் வந்தா காசு. அது நேர அவர்ட பொக்கெற்றுக்குப் போயிரும். அங்கயிருந்து எங்க போகுமெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல."

அவர் சொன்னதில் முக்கியமான உண்மை இருக்கிறது. மீனைப் பிரிப்பதிலும் விற்பதிலும் காயவைப்பதிலும் பெண்ணுக்கு ஓரளவு கையிருந்தது. மீனுக்குப் பதிலாகப் பணம் நேரே வரும்போது அந்தக் கையும் நழுவிப் போகிறது. வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. வருமானம்தான் அவளைத் தாண்டிப் போகிறது. இத்தோடு பயணிகள் கொண்டுவரும் மதுப்போத்தல்களும், கேட்காமல் எடுக்கும் புகைப்படங்களும், குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்நியர் தங்குவதும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றின் பாரத்தையும் பெண்ணே சுமக்கிறாள்.

ஒரு கிராமம் செய்த ஏற்பாடு

மாவட்டத்தின் வடபகுதியில் ஒரு கரையோரக் கிராமம். அங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் இந்தப் பிரச்சினையைச் சண்டை போட்டுத் தீர்க்கவில்லை; பழைய பங்கு நியாயத்தைக் கொண்டே தீர்த்தார்கள். பருவம் தொடங்குமுன் மீனவர் சங்கத்தோடு ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். 'வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு இருக்குமென்றால் கரைக்கும் ஒரு பங்கு வேண்டும்' என்றார் சங்கத் தலைவி. முதலில் சிலர் சிரித்தார்கள். 'பொண்டாட்டி சமைக்கிறதுக்கும் கூலியா?' என்று ஒருவர் கேட்டார். 'ஹோட்டல்ல சமைக்கிறவனுக்குக் கூலி இல்லையா தம்பி?' என்று கேட்டார் தலைவி. பிறகு எவரும் சிரிக்கவில்லை.

அவர்கள் எடுத்த முடிவுகள் எளிமையானவை. படகுப் பயணத்துக்கு ஒரு கட்டணம், சாப்பாட்டுக்கு வேறொரு கட்டணம். சாப்பாட்டுக் காசை வாங்குவதும் எழுதுவதும் பெண்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சமைப்பது. கணவனை இழந்த பெண்களின் வீடுகளும் அந்த முறையில் சேரும். வாவியில் அத்தாங்கு கொண்டு இறால் வடிக்கிற பெண்கள் இருவர், விரும்பும் பெண் பயணிகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துத் தாமே வழிகாட்டிகளாகிறார்கள். வள்ளத்திலும் வீட்டிலும் மது இல்லை. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறு தொகை சங்கத்தின் அவசர நிதிக்குப் போகிறது.

இந்தக் கடைசி ஏற்பாடு மிக முக்கியமானது. 2019 ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உல்லாசப் பயணிகளின் வரவு அப்படியே நின்றுபோனது. 2020 இல் கொரோனாவும், 2022 இல் எரிபொருள் வரிசையும் வந்தன. இந்தத் தொழில் காற்றைப் போன்றது; எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே மீன்பிடியையும் தோட்டத்தையும் தையலையும் கைவிட்டு இதை மட்டும் நம்பி இறங்குவது நல்லதல்ல.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

நீங்கள் பயணியாகப் போனாலும், வீட்டிலிருந்து இத்தொழிலை நடத்தினாலும் சில விடயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். அது ஆசனத்துக்கடியில் கிடக்காமல் உடலில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவு வேண்டும். சேலையின் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். முடிந்தால் சல்வார் அணியுங்கள்.

முதல்நாள் மாலையே வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிவித்தலைக் கேளுங்கள். மீனவர் 'இண்டைக்கு வேணாம்' என்றால் முற்பணம் கொடுத்ததைச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எல்லோர் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

மீன்பிடிக்கப் பதிந்த வள்ளத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்குமுன், என்ன அனுமதியும் காப்புறுதியும் தேவை என்று கடற்றொழில் பரிசோதகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பின் கேட்பதில் பயனில்லை.

கடலும் வாவியும் நமது பிள்ளைகளுக்கும் வேண்டும். சினை நண்டையும் சிறுமீனையும் திரும்ப விடுங்கள். முட்டையுள்ள சிங்கி இறாலைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். ஆமையும் பவளப்பாறையும் சட்டத்தால் காக்கப்பட்டவை. கண்டல் கொப்பை முறிக்காதீர்கள். கொண்டுபோன பொலித்தீனையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சகோதரிகளே, மாசி பிறந்ததும் ஆண்கள் வள்ளத்தைக் கவிழ்த்து வெடிப்பு அடைப்பார்கள். எஞ்சினைக் கழற்றித் துடைப்பார்கள். அந்தக் கிழமையிலேயே நீங்களும் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு பயணத்துக்காக உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அரிசி, தேங்காய், விறகு, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் விலை போடுங்கள். பிறகு அந்தக் கொப்பியைக் கணவனின் முன்னால் வைத்து, பங்கு பிரிக்கும் பழைய முறையை நினைவூட்டுங்கள். புதிதாக எதையும் நீங்கள் கேட்கப் போவதில்லை. தொழிலுக்கு உதவியவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்று நமது முன்னோர் வகுத்த நியாயத்தையே கேட்கிறீர்கள். முதல் பயணி வள்ளத்தில் காலை வைக்குமுன் அந்தக் கணக்கு பேசி முடிந்திருக்கட்டும்.