கால் மணி நேரச் சிகிச்சையும் நான்கு வாரக் கவனமும்

இலண்டனில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் வைத்தியசாலைக் கடிதம் ஒன்று சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டுக் கிடக்கும். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த பரிசோதனையில் மாற்றம் தெரிகின்றது, இன்ன திகதிக்கு வரவும் என்று அதில் எழுதியிருக்கும். வாசித்தவருக்கு உடனே மனதில் எழுவது புற்றுநோய் என்ற சொல்தான். கணவரிடம் சொல்ல வெட்கம். மகளிடம் சொல்லப் பயம். திருவிழா முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று நாள் தள்ளிப்போகின்றது.

கடிதத்தின் பொருள் பெரும்பாலும் அதுவன்று. இங்கிலாந்தில் 25 முதல் 64 வயது வரையான பெண்களை ஒழுங்காக அழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் 1988 இல் தொடங்கியது. இப்பொழுது முதலில் எச்.பி.வி. என்னும் வைரஸ் உண்டா என்று பார்ப்பார்கள். இருந்தால் கலங்கள் மாறியுள்ளனவா என்று பார்ப்பார்கள். மாறிய கலங்கள் புற்றுநோய் அல்ல. கவனியாது விட்டால் பல வருடங்களில் சிலருக்கு அவ்வாறு ஆகக்கூடும். ஆகும் முன்னரே அகற்றிவிடுவதற்காகவே இந்த அழைப்பு. இலேசான மாற்றமாயின் அகற்றாமலே பார்த்துக்கொள்வதும் உண்டு.

இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இவ்வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது. உலகில் பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது தொற்றி, தானாகவே நீங்கிவிடுகின்றது. சிலருடைய உடம்பில் ஓசையின்றிப் பல வருடங்கள் கிடக்கும். ஆகவே எப்பொழுது, யாரால் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ சந்தேகிப்பது வெறும் அறியாமை.

போவதற்கு முன் செய்யவேண்டியவை அதிகமில்லை. அன்று மாதவிலக்கு வரும்போல் இருந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு வேறு திகதி பெறலாம். கர்ப்பமாக இருப்பவரும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவரும், கருத்தடைக்கு லூப் வைத்திருப்பவரும் அதனைக் கட்டாயம் முதலிலே சொல்லவேண்டும். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் வைத்தியசாலையே பணம் வாங்காமல் ஒழுங்கு செய்து தரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தவேண்டியதில்லை. சேலையோ தளர்வான பாவாடையோ உடுத்திப் போவது வசதி. கைப்பையில் ஒரு பாட் இருக்கட்டும். வழக்கம்போலச் சாப்பிடலாம், முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டுமே பட்டினி. வீடு திரும்பத் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது.

அங்கே வைத்தியர் உருப்பெருக்கும் கருவியால் வெளியே இருந்தபடியே பார்ப்பார். வினாகிரியைப் போன்ற திரவத்தைத் தடவ, மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். சிகிச்சை தேவைப்பட்டால் விறைப்பு ஊசி போட்டு, மின்சாரத்தால் சூடாக்கிய மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். ஊசி போட்டதும் சற்று நேரம் நெஞ்சு படபடக்கலாம்; மருந்தின் வேலை அது. எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உண்மையான கவனம் அதற்குப் பின்னரே வேண்டும். முதல் நாள் மாதவிலக்கு வலிபோல் இருக்கும், பரசிற்றமோல் போதும். நாலைந்து நாளில் சுகமாகிவிட்டது என்று தோன்றும். அப்பொழுதுதான் நம்மவர் பிழை விடுகின்றனர். பத்தாம் நாளளவில் உள்ளே புண்ணின் பொருக்கு கழரும்போது இரத்தம் சற்றுக் கூடுவது வழக்கம். அந்த நேரம் பார்த்துக் கோயில் மடப்பள்ளியில் சோற்றுக் கிடாரம் தூக்கினால் என்னவாகும்? முதல் இரண்டு வாரம் பாரம் தூக்குவதை மற்றவர்களிடம் விடவேண்டும். விமானப் பயணத்தையும் அந்நாட்களில் தவிர்ப்பது நல்லது. கொழும்புக்கோ சென்னைக்கோ ரிக்கற் எடுத்திருப்பவர்கள் சிகிச்சைத் திகதி போடும்போதே சொல்லிவிடவேண்டும். நான்கு வாரத்துக்குத் தாம்பத்திய உறவு, நீச்சல், உள்ளே வைக்கும் பஞ்சு ஆகியவை கூடாது. கணவர் இதனை அறிந்திருக்கவேண்டும். அவரிடம் மறைத்துவைத்தால் இவ்விதியைக் காப்பது எவ்வாறு?

கசிவு நான்கு வாரம் வரை இருக்கலாம். மாதவிலக்கைவிட அதிகமாக இரத்தம் போனாலும், துர்நாற்றம் வீசினாலும், காய்ச்சலோ விடாத அடிவயிற்று வலியோ வந்தாலும் உடனே வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ளவேண்டும். கோயிலுக்கு வரலாமா என்று கேட்கும் பெண்கள் உண்டு. புண்ணிலிருந்து வரும் இரத்தம் மாதவிலக்கு அன்று. வருவதும் வராததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. கோயிலைக் காரணங்காட்டிச் சிகிச்சையைத் தள்ளுவது மாத்திரம் பொருந்தாது.

மணமாகாத மகளுக்கு இச்சிகிச்சை என்றால் பிள்ளை பிறக்குமோ என்ற ஏக்கம் பெற்றோருக்கு வரும். கருத்தரிப்பதற்கு இது பொதுவாகத் தடையல்ல. ஆழமாக எடுத்திருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்புச் சிறிது கூடும் என்பதால், பிற்காலத்தில் கர்ப்பமாகும்போது மருத்துவிச்சியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டும்.

பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு சிகிச்சையே போதுமாகின்றது. அது உறுதியா என்று பார்க்க ஆறு மாதத்தின் பின் மீண்டும் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். அதையும் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகாமல், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.