இரவல் விசையில் சுழலும் திருகு

மினி டிராக்டரின் பின்புறம் பூட்டப்படும் குழி தோண்டும் கருவிக்குச் சொந்தமாக எஞ்சினும் கிடையாது, சக்கரமும் கிடையாது. ஒரு கியர் பெட்டி, அதன் கீழே தொங்கும் ஆகர் என்னும் இரும்புத் திருகு, இரண்டையும் தாங்கும் நீண்ட கை ஆகியவையே அதன் முதன்மை உறுப்புகள் என்பதால், தனித்து இயங்கும் தோண்டு இயந்திரங்களைவிட மிகக் குறைந்த விலையில் அது கிடைக்கிறது. சுழலும் விசையையும் தூக்கும் விசையையும் டிராக்டரிடம் இரவல் வாங்கும் இக்கருவியில், இரவல் கிடைக்காதவற்றை இயக்குபவரின் அறிவே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

பூட்டும் வேலை மும்முனை இணைப்பில் தொடங்குகிறது. அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் ஹாரி பெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பில், கீழே இரு கைகளும் மேலே டாப் லிங்க் என்னும் ஒரு தண்டும் உள்ளன. கீழ்க்கைகளில் கருவியைப் பின் போட்டுப் பூட்டி, பக்கச் சங்கிலிகளை இறுக்கி ஆட்டத்தைக் குறைத்தபின், டாப் லிங்க்கைக் கழற்றிய இடத்தில் கருவியின் நீண்ட கையை மாட்டுவது வழக்கம். எஞ்சினின் சுழற்சியை வெளியே வழங்கும் பி.டி.ஓ. முனையையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. அது அளவுக்கு மீறி நீண்டிருந்தால் கருவி ஏறி இறங்குகையில் முட்டிப் பேரிங்கை உடைக்கும், குறைந்திருந்தால் கழன்று விழும் என்பதால், பி.டி.ஓ.வை ஓடவிடாமல் கருவியை முழுவதும் உயர்த்தியும் தாழ்த்தியும் அதன் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

நிமிடத்துக்கு 540 முறை சுழலும் பி.டி.ஓ.வின் வேகத்தைக் கியர் பெட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. வேகம் குறையும் அளவுக்கு முறுக்குவிசை, அதாவது ஒன்றைத் திருப்பும் ஆற்றல், பெருகுகிறது. பி.டி.ஓ.வில் 15 குதிரைத்திறன் கிடைப்பதாகக் கொண்டால், 18 அங்குல ஆகரின் விளிம்பில் சுமார் 270 கிலோ எடைக்கு நிகரான விசை மண்ணைச் சீவும். வாழைக்குப் பரிந்துரைக்கப்படும் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அந்த ஆகர் இறங்கும்போது, ஒரு குழியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ மண் வெளியேறுகிறது.

ஆனால் பெரும்பாலான டிராக்டர்களின் ஹைட்ராலிக் அமைப்பு கருவியைத் தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. ஆகர் தன் எடையாலும் முனையின் திருகாலும் மட்டுமே இறங்குவதால், இறுகிய நிலத்தில் அது மேலேயே வழுக்கிச் சுழலும். அப்போது ஆள் ஏறி நின்று பாரம் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும் செயல். முன்கூட்டியே நீர் பாய்ச்சி, நிலம் பதமானபின் தோண்டுவதே வழி. ஈரம் மிகுந்த மண்ணில் சிக்கல் தலைகீழாகிறது: சில அங்குலத்துக்கு ஒருமுறை தூக்கி மண்ணை உதறாவிட்டால், மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல ஆகர் தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும்; பின்னர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பைப் ரெஞ்ச்சால் அதைப் பின்னோக்கித் திருப்பித்தான் மீட்க முடியும்.

கல்லோ வேரோ தடுக்கும் நொடியில் கியர் பெட்டியைக் காப்பது ஷியர் போல்ட் என்னும் சிறு போல்ட். மிகை விசையில் முதலில் முறிவதற்காகவே அது மென்மையான எஃகில் செய்யப்படுகிறது. அடிக்கடி முறிகிறதே என்று வலுவான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை முறிவது கியர் பெட்டியின் பற்களாக இருக்கும். மனித உடலுக்கோ அத்தகைய காப்பு இல்லை: நொடிக்கு ஒன்பது முறை சுழலும், 7 சென்டிமீட்டர் தடிப்புள்ள தண்டு ஒரே நொடியில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், ஒரு நாலு முழ வேட்டி முழுவதும் உருவப்பட அந்த நொடியே போதும். தண்டின் மேலுறையைக் கழற்றாமல் வைத்திருப்பதும், சுழலும்போது எவரும் அருகில் நில்லாதிருப்பதும் இதனால்தான்.

குழி முடிந்தபின்னும் வேலை முடிவதில்லை. களிமண் நிலத்தில் சுழலும் ஆகர், குழியின் சுவரைக் கொத்தனார் சாந்து பூசியதைப் போல வழவழப்பாக்கிவிடுவதால், நீர் கசியாமல் தேங்குவதோடு வேர்களும் பக்கவாட்டில் ஊடுருவ முடியாமல் குழிக்குள்ளேயே சுற்றுகின்றன. அந்த மெழுகிய சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்க, இயந்திரம் ஓரங்கட்டிய கடப்பாரையையே மீண்டும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.