பழைய கணக்கை மூடும் மிச்சிகன்

2001-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்கள் வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர். படிப்பு, அனுபவம், பேச்சு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மட்டும் போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையில் இருந்ததாகச் சொல்வார். கொஞ்ச நாளில் அந்த வேஷம் மற்றவருக்கு மாறும். நால்வரும் கல்லூரி மாணவர்கள், சிறைக்கதை ஜோடிப்பு.

டீவா பேஜர் என்ற சமூகவியலாளர் நடத்திய பரிசோதனை அது. மொத்தம் 350 நிறுவனங்கள். வழக்கு ஏதும் இல்லாத வெள்ளையரை 34 சதவீத இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள். சிறை சென்றதாகச் சொன்னவரை 17 சதவீதத்தில். கறுப்பர்களில் வழக்கு இல்லாதவருக்கு 14, இருந்தவருக்கு வெறும் 5. ஜெயிலுக்குப் போய்வந்த வெள்ளையரின் நிலை, ஒரு வம்புக்கும் போகாத கறுப்பரின் நிலையைவிட மேல் என்பதுதான் பலரை உலுக்கியது.

தண்டனைக் காலம் முடிந்தாலும் தண்டனை முடிவதில்லை. அமெரிக்காவில் ஒருவரின் வழக்குப் பின்னணியைத் தோண்டுவது அவ்வளவு சுலபம். கோர்ட் ஆவணங்கள் பெரும்பாலும் பொதுப்பார்வைக்குத் திறந்தவை. அவற்றை மொத்தமாக வாங்கித் தொகுத்து, சில டாலருக்கு அறிக்கையாக விற்கும் தனியார் நிறுவனங்கள் ஏராளம். வேலை கொடுப்பவர் மட்டுமல்ல, வீட்டை வாடகைக்கு விடுபவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவி தருகிறார்.

இதற்கு மாற்றாக மாநிலச் சட்டங்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று 'எக்ஸ்பஞ்ச்மென்ட்': பதிவையே நீக்கிவிடுவது. மற்றது 'சீலிங்': பதிவு இருக்கும், ஆனால் பூட்டி வைக்கப்படும், போலீஸும் கோர்ட்டும் பார்க்கலாம், மற்றவர் கண்ணில் படாது. நடைமுறையில் இந்தக் கோடு அத்தனை தெளிவானதல்ல. ஒரு மாநிலத்தில் 'நீக்கம்' என்று பேச்சு வழக்கில் சொல்வது இன்னொரு மாநிலத்தில் வெறும் பூட்டுதான். மிச்சிகனும் அப்படித்தான்: தண்டனை ரத்தானாலும், பொதுமக்கள் பார்க்க முடியாத ஒரு பிரதி மாநிலப் போலீஸிடம் இருக்கும். மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்களுக்கோ, இப்படிப் பொதுவான வழி எதுவுமே கிடையாது.

சட்டம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. மிச்சிகனில் விண்ணப்பிப்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். முதலில், தண்டித்த கோர்ட்டுக்கே போய்த் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். பத்து விரல் ரேகையையும் அட்டையில் பதிய வேண்டும். விண்ணப்பத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்து, மாநிலப் போலீஸுக்கு 50 டாலர், அட்டர்னி ஜெனரலுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் தனித்தனி நகல். அப்புறம் நீதிபதி முன்னால் விசாரணை. ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே கட்டடத்துக்கு, சம்பளத்தை விட்டுவிட்டு லீவு போட்டு, மறுபடி ஏற எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே.ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் மாநிலத்தின் பதிவுகளை அலசி 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி பெற்ற ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம் மட்டுமே. பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிடம் வக்கீல் வைக்கக் காசில்லை. கோர்ட் என்றாலே பயம். ஆனால் நீக்கிக்கொண்டவர்களின் சம்பளம் ஓராண்டுக்குள் சராசரியாக 22 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. வேலையே இல்லாதிருந்தவர்களுக்கு வேலை கிடைத்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். பதிவை மறைத்தால் குற்றம் பெருகும் என்று பயந்தவர்களுக்கும் பதில் இருந்தது: ஐந்தாண்டுக்குள் மறுபடி தண்டனை பெற்றவர்கள் சுமார் 4 சதவீதம்தான்.

சரி, விண்ணப்பம்தான் தடை என்றால் விண்ணப்பமே எதற்கு? 2018-ல் பென்சில்வேனியா இந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது. 'கிளீன் ஸ்லேட்' என்ற அந்தச் சட்டத்தை இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். அமெரிக்க அரசியலில் இது அபூர்வம். அதன்படி, குறிப்பிட்ட காலம் குற்றமில்லாமல் இருந்தவர்களின் சிறு வழக்குகளைக் கம்ப்யூட்டரே தேடிப் பூட்டிவிடும். மிச்சிகன் 2020-ல் பின்தொடர்ந்தது. அங்கே தானியங்கி முறை 2023 ஏப்ரல் 11-ல் நடைமுறைக்கு வந்தது. சிறு குற்றங்கள் நான்கு வரை, ஏழு ஆண்டில் நீங்கும். பெருங்குற்றங்கள் இரண்டு வரை, பத்து ஆண்டில். தாக்குதல் வழக்குகளும், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய குற்றங்களும் இதில் சேராது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பயனடைவார்கள் என்று மாநில அரசு அறிவித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் பதிவு நீங்கிவிட்டது என்று யாரும் கடிதம் போடுவதில்லை. சம்பந்தப்பட்டவரே தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு நீங்கியது தெரியாமல், வேலை விண்ணப்பத்தில் பழைய வழக்கைத் தானே எழுதிக்கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?

தனியார் அறிக்கை நிறுவனங்கள் அடுத்த தலைவலி. அரசு தன் பதிவைப் பூட்டினாலும், முன்பே வாங்கிவைத்த பழைய தகவலைச் சிலர் புதுப்பிக்காமலே விற்கிறார்கள். துல்லியத்துக்கு நியாயமான நடைமுறை வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. தவறு என்று ஆட்சேபித்தால் பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்த வேண்டும். ஆனால் ஆட்சேபம் எழுத வேண்டியவர் வேலை கைநழுவியவர்தான். அந்த 30 நாள் அவருக்காக வேலை காத்திருக்காது.

அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் பொருள் எடுத்தது என்று சிக்கியவர், உள்ளூர் வக்கீலைப் பிடித்துப் பதிவை நீக்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். குடியேற்றச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1996-ல் வந்த திருத்தம் 'தண்டனை' என்பதற்கு மிக விரிவான பொருள் கொடுத்தது. அதன்படி, திருந்தி வாழ்கிறார் என்பதற்காக மாநிலக் கோர்ட் நீக்கிய தண்டனையும் பொதுவாகத் தண்டனையாகவே எண்ணப்படும். வழக்கிலேயே சட்டப் பிழை இருந்து ரத்தானால்தான் கதை வேறு. குடியுரிமை விண்ணப்பத்திலும் நீக்கப்பட்ட, பூட்டப்பட்ட வழக்குகளையும் சேர்த்தே கேட்கிறார்கள். இல்லை என்று எழுதினால், பழைய வழக்கைவிட அந்தப் பொய்யே பெரிய சிக்கலாகும்.

அதனால் குடியேற்ற வக்கீல்கள் தங்களிடம் வருபவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: பதிவை நீக்க மனு போடுவதற்கு முன்னால், கோர்ட்டிலிருந்து அந்த வழக்கின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீக்கிய பிறகு கோர்ட்டில் போய்க் கேட்டால் அப்படியொரு வழக்கே இல்லை என்று சொல்லக்கூடும். குடியேற்றத் துறையோ அந்தக் காகிதத்தைக் கொண்டுவா என்று கேட்கும்.