நாடி பிடிக்கும் கருவிக்கு உடம்பே கரண்டு கம்பி! மலைக்கிராம நோயாளிகளுக்கு கை கொடுக்குமா?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் அருகே கோட்டூர் மலை இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது அந்த மலைக்கு ஓட்டுப்பதிவு எந்திரம் கழுதை மேல் ஏறிப் போனது. அப்போது மேலே போக ரோடு இல்லை.

எந்திரம் கழுதையில் போகலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன் எப்படி இறங்கி வருவான்?

உடம்பில் மாட்டிய கருவியே முன்கூட்டி ஆஸ்பத்திரிக்கு சேதி சொல்லிவிட்டால், நிலைமை முற்றும் முன்பே அவனை கீழே கொண்டு வந்துவிடலாம். இது கட்டுக்கதை அல்ல. கொரோனா ஆட்டிப்படைத்த 2020-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும், அங்கே வளர்ந்த ஹெலிக்சான் கம்பெனியும் சேர்ந்து விரலில் மாட்டும் கருவி ஒன்றைக் கொண்டு வந்தன. உடல் சூடு, நாடித் துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆகிய நான்கையும் அளந்து செல்போனுக்கு அனுப்பும்.

அப்புறம் என்ன தடை? இரண்டு தடை. ஒன்று பேட்டரி, இன்னொன்று டவர்.

38 கிலோ மூட்டை

1940-களில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்ட்டர் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பிக் காட்டினார். அந்தக் கருவியின் எடை 85 பவுண்டு, அதாவது 38 கிலோ! அதை முதுகில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். இன்று அதே வேலையை மார்பில் ஒட்டும் ஒரு சின்னப் பட்டை செய்கிறது.

ஆனால் பேட்டரி தீர்ந்தால் பட்டையும் படுத்துவிடும். துடிப்பை அளக்க கொஞ்சம் கரண்டு போதும். அளந்ததை 'புளூடூத்' ரேடியோ அலையில் அனுப்பத்தான் கரண்டு அதிகம் தின்கிறது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். இடது மார்பில் கிளம்பிய சேதி வலது பாக்கெட் செல்போனுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு!

உடம்பே கம்பி

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இந்தியரான ஷ்ரேயஸ் சென் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். சேதியை காற்றில் விடாமல் உடம்பு வழியாகவே அனுப்புகிறார்கள். 'ஐயோ, ஷாக் அடிக்குமே' என்று பயப்பட வேண்டாம். அந்த மின்சாரம் உறைக்கவே உறைக்காது. பேட்டரி செலவும் புளூடூத்தைவிட வெகு குறைவு. பக்கத்தில் நிற்பவர் நம் சேதியை ஒட்டுக்கேட்பதும் கடினம்.

பேட்டரியே வேண்டாம் என்போரும் உண்டு. 1998-ல் ஜப்பானின் சீக்கோ கம்பெனி உடல் சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்றது. உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் அதில் கரண்டு வரும். தர்மபுரி சித்திரை வெயிலில் வித்தியாசத்துக்கு எங்கே போவது?

டவருக்கு என்ன செய்வது?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர், 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். கருவி கணக்கை தன்னுள்ளேயே சேர்த்து வைத்து, அவர் வரும்போது அவருடைய செல்போனில் கொட்டிவிடலாம். தபால்காரரிடம் கடிதம் கொடுப்பது போலத்தான். பேட்டரியும் மிச்சம்.

பிரஷர், சுகருக்கு இந்த ஏற்பாடு போதும். நடுராத்திரியில் வரும் மாரடைப்புக்குப் போதாது. அதற்கு மலை மேலேயே டவர் வேண்டும், அடிவாரத்தில் ஆம்புலன்சும் தயாராக நிற்க வேண்டும்.