வாச்சாத்தியும் விதவையின் வழக்கும்

லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்திலே ஏசுநாதர் ஓர் உவமை கூறுகிறார். ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. அவனுக்குத் தெய்வ பயமும் இல்லை, மனிதரிடத்தில் மதிப்பும் இல்லை. அதே பட்டணத்தில் ஒரு விதவை. எதிராளி தனக்கிழைத்த அநியாயத்துக்குப் பரிகாரம் கேட்டு அவள் ஓயாமல் அவனிடம் வந்துகொண்டிருந்தாள். நெடுநாள் பாராமுகமாயிருந்த அவன், அவளுடைய தொந்தரவு பொறுக்கமாட்டாமலே முடிவில் நியாயம் வழங்க இசைந்தான்.

இவ்வுவமையைக் கொண்டு சோர்வின்றி ஜபம் செய்யவேண்டும் என்று மாதா கோயில்களில் பிரசங்கம் செய்வர். சுவிசேஷகரும் அவ்வாறே முகவுரை கூறியிருத்தலால் அதில் பிழையில்லை. ஆனால், அவ்விதவை எவ்விதம் ஜபித்தாள் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? அவள் வீட்டு மூலையில் அமர்ந்து வேண்டினவள் அல்லள். நியாயஸ்தலத்தின் படிகளில் ஏறி ஏறிக் கேட்டவள். அத்தகைய ஸ்திரீகளை யூதேயாவிலே தேடவேண்டுவதில்லை. நமது தர்மபுரி ஜில்லாவிலேயே காணலாம்.

அரூர் தாலூகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி என்னும் சிற்றூர். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை கடத்துகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, காட்டிலாகாவினர் 155 பேர், போலீஸார் 108 பேர், ரெவின்யூ சிப்பந்திகள் 6 பேர் அவ்வூரினுள் புகுந்தனர். வீடுகளை இடித்தனர், தானியங்களைப் பாழாக்கினர், குடிக்கும் கிணற்று நீரையும் கெடுத்தனர். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேர் சிறையில் அடைக்கப்பட்டனர். அந்நிய ஆட்சி ஒழிந்து 45 வருஷங்கள் கழிந்தபின், நமது சர்க்காரின் ஊழியர்களே செய்த காரியம் இது!

அன்று முதல் அப்பெண்களின் யாத்திரை தொடங்கிற்று. 1995-இல் ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரணையை ஏற்றது. 269 பேர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அன்றாடக் கூலியை இழந்து கோர்ட்டுக்கு நடப்பதும், பலர் முன்னிலையில் தமக்கு நேர்ந்ததை மீண்டும் மீண்டும் வாய்விட்டுச் சொல்வதும் எத்தகைய கொடுமை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் மாண்டுபோயினர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டனர். அப்பீலை விசாரித்த ஐகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குச் சென்று ஊரைப் பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதி செய்து, பலாத்காரத்துக்கு ஆளான 18 பேருக்கும், இறந்திருப்பின் அவர்தம் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய் வழங்கும்படி கட்டளையிட்டார். உவமையிலே விதவை நீதிபதியைத் தேடிப் போனாள். இங்கே நீதிபதியும் விதவையின் வாசலைத் தேடி வந்தார். எனினும் இதற்கு 31 வருஷங்கள் சென்றனவே! ஒரு பெண்ணின் வாலிபம் முழுவதும் அதில் கழிந்துபோகுமன்றோ?

இந்த வழியெல்லாம் அவர்களுக்குத் துணை நின்றோர் யாவர்? 1992-இலேயே சுப்ரீம் கோர்ட்டை அணுகியவர் மார்க்ஸிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன். உடனிருந்து உழைத்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். மத்தேயு சுவிசேஷத்திலே இரு புதல்வர்களைப் பற்றிய மற்றோர் உவமை உண்டு. தந்தை தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னபோது, மாட்டேன் என்ற மகன் பின்பு மனம் மாறிப் போய் வேலை செய்தான். போகிறேன் என்ற மகன் போகவேயில்லை. கடவுளின் பெயரை உச்சரியாதோர் அந்தத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நாள்தோறும் உச்சரிக்கும் நாம் எங்கே இருந்தோம்? கோவிலூரைப் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களையுடையது இந்த ஜில்லா. 1997 முதல் தனி மறைமாவட்டமாகவும் விளங்குகிறது. வாச்சாத்தி மக்கள் நம் மதத்தினர் அல்லர் என்று கூறித் தப்ப வழியில்லை. அயலான் யார் என்று கேட்டவனுக்கு ஏசுநாதர் காட்டியது ஒரு சமாரியனையே அல்லவா?

வேதம் உத்தியோகஸ்தர்களையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் செய்யவேண்டியது யாது என்று ஸ்நானக யோவானிடம் போர்ச்சேவகர் கேட்டனர். எவரையும் துன்புறுத்தாதிருங்கள், பொய்க்குற்றம் சாட்டாதிருங்கள், பெறும் சம்பளத்தோடு திருப்தியடையுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். காக்கியுடை அணிந்தோருக்கு இதனினும் தெளிவான போதனை வேண்டுமா? மேலதிகாரியின் உத்தரவு என்னும் சமாதானம் கோர்ட்டிலும் நில்லாது, கடவுளின் சந்நிதியிலும் நில்லாது.

தாலூகா ஆபீஸில் மனுவோடு நிற்கும் கிழவிகளும், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாள் முழுதும் காத்திருக்கும் ஏழைகளும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் கூடப்போய் மனு எழுதிக் கொடுத்தல், கண்டதைக் கண்டபடி சாட்சி சொல்லுதல், வாய்தாவுக்கு வாய்தா உடன் நடத்தல் ஆகிய இவையே விசுவாசத்தின் அன்றாடக் கிரியைகள். இதற்குச் செல்வமோ செல்வாக்கோ வேண்டியதில்லை. இடையில் விட்டுவிடாத மனம் ஒன்றே வேண்டும்.

மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்ற கேள்வியோடு ஏசுநாதர் அவ்வுவமையை முடிக்கிறார். அவர் கேட்டது அவ்விதவையினிடமிருந்த விசுவாசத்தையே என்று நாம் கருதுகிறோம். வாச்சாத்தியில் அதனைக் காண்பார். நம் வீடுகளிலும் காண்பாரா என்பதற்கு நாம்தான் விடை கூறவேண்டும்.