வினைச்சொல் கேட்கும் கேள்விகள்

திண்டிவனத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். 'பேனாவை மாறனுக்குக் கொடுத்தாள் குழலி' என்ற தொடரில் ஒரு மாணவி 'பேனாவை' என்பதை எழுவாய் என்றாள். பிழை என்னுடையது. 'தொடரில் முதலில் வருவது எழுவாய்' என்று சொல்லிக்கொடுத்தவன் நானே.

பின்னர் விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்கு லாம்டா கால்குலஸ் பற்றிய கருத்தரங்கை நடத்தியபோது இத்தொடரையே எடுத்துக்கொண்டேன். 1930களில் அலோன்சோ சர்ச் உருவாக்கிய இக்கணித முறையில், சார்பு என்பது காலியிடம் உள்ள ஒரு விதி. காலியிடத்தை லாம்டா குறி சுட்டும்; அதை நிரப்பினால் விடை கிடைக்கும். ரிச்சர்டு மாண்டேகு இம்முறையால் ஆங்கிலத் தொடர்களின் பொருளை விளக்கினார்.

'கொடுத்தாள்' என்பதில் மூன்று காலியிடங்கள்: யார், எதை, யாருக்கு? எந்தச் சொல் எந்த இடத்துக்கு உரியது என்பதைத் தமிழில் வேற்றுமை உருபு காட்டுகிறது. எனவே சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை.

வகுப்பில் வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கட்டங்கள் வரையுங்கள். 'தூங்கினாள்' என்பதற்கு ஒன்று, 'படித்தாள்' என்பதற்கு இரண்டு, 'கொடுத்தாள்' என்பதற்கு மூன்று. மாணவர்கள் சொல்லட்டைகளால் அவற்றை நிரப்பட்டும். செயப்படுபொருள் குன்றிய வினையும் குன்றா வினையும் அப்போதே விளங்கிவிடும்.

அம்மாணவி இப்போது முதற்சொல்லைத் தேடுவதில்லை, வினையிடம் 'யார்?' என்று கேட்கிறாள்.